மதிலும் கருவூலமும்: சுல்தான் நூருத்தீன் மஹ்மூதின் வாழ்வு

திருக்குறளின் பொருட்பாலில் நாடு என்னும் அதிகாரத்தை அடுத்து அரண் வருகிறது; அரணை அடுத்துப் பொருள் செயல்வகை வருகிறது. இவ்வைப்பு முறையின் பொருத்தத்தை மதில் கட்டிய அரசர் எவரும் எளிதில் உணர்ந்திருப்பர். கல்லும் சுண்ணாம்பும் தாமே வந்து அடுக்கிக்கொள்வதில்லை. கல் உடைப்போர்க்குக் கூலி, சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு, சுமக்கும் விலங்குகட்குத் தீனி, கொத்தர்க்கு ஊதியம் என ஒவ்வொரு முழ மதிலுக்கும் பின்னே ஒரு செலவுக் கணக்கு நிற்கிறது. அக்கணக்கை எவர் பணத்தைக் கொண்டு நேர் செய்வது என்னும் வினாவை எழுப்பிப் பார்த்த அரசர் உலக வரலாற்றில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவரின் வாழ்வை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். அவர் 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டை, அதாவது இன்றைய சிரியாவையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும், ஆண்ட சுல்தான் நூருத்தீன் மஹ்மூத் ஆவார்.

ஸலாஹுத்தீன் அய்யூபியின் பெயரை நம் மாணவருள் அறியாதார் இலர். பைத்துல் முகத்தஸை மீட்ட அப்பெருமகனார் எவருடைய படையில் வளர்ந்தார், எவர் அனுப்ப எகிப்து சென்றார் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. கட்டி முடித்தவரை நினைவில் வைத்து, அடித்தளம் இட்டவரை மறந்துவிடுவது வரலாற்றின் பழைய வழக்கம் போலும்.

இளமையும் ஆட்சிப் பேறும்

நூருத்தீன் 1118ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் (ஹிஜ்ரி 511) பிறந்தார். தந்தையார் இமாதுத்தீன் ஸங்கி, மோசூலையும் ஹலப் நகரையும் ஆண்ட ஆற்றல் மிக்க படைத்தலைவர், ஆயினும் கடுமையானவர். 1144ஆம் ஆண்டு டிசம்பரில் பிராங்கியரிடமிருந்து ருஹா நகரை அவர் கைப்பற்றியதே இரண்டாம் சிலுவைப் போருக்குக் காரணமாயிற்று. 1146 செப்டம்பரில், யூப்ரத்தீஸ் ஆற்றங்கரையில் ஜஅபர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளையில், தம் கூடாரத்திலேயே பணியாள் ஒருவனால் அவர் கொலையுண்டார். மூத்த மகன் ஸைஃபுத்தீன் மோசூலை எடுத்துக்கொள்ள, இரண்டாமவரான நூருத்தீன் தந்தையின் கணையாழியோடு விரைந்து சென்று ஹலப் நகரைத் தமதாக்கிக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 28.

ஆட்சியின் தொடக்கம் அருள் நிறைந்ததாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. ஸங்கி மறைந்த செய்தி கேட்டு ருஹாவின் பழைய தலைவன் ஜோஸலின் அந்நகருள் மீண்டும் புகுந்தான். நூருத்தீன் மின்னலென வந்து நகரை மீட்டார். அம்மீட்பின்போது அங்கு வாழ்ந்த ஆர்மீனியக் கிறித்தவர் பலர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் சிறாரும் அடிமைகளாக்கப்பட்டனர். பின்னாளில் நீதிக்குப் பெயர் பெற்ற ஓர் அரசரின் வாழ்வில் இதுவும் ஓர் ஏடு. இதனைக் கிழித்து எறிந்துவிட்டு மற்ற ஏடுகளைப் படித்தல் முறையாகாது.

1148இல் பிராங்கியரின் பெரும்படை திமிஷ்கு நகரை (டமாஸ்கஸை) முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டு இனப் என்னுமிடத்தில் அந்தியோக்கியாவின் அதிபன் ரேமண்ட் நூருத்தீனின் படையால் வீழ்ந்தான். எனினும் நூருத்தீனின் கண் திமிஷ்கின் மீதே இருந்தது. அங்கு ஆண்ட முயீனுத்தீன் உனூரின் மகளாரை அவர் முன்னரே, 1147இல், மணந்திருந்தார். உனூரின் மறைவுக்குப் பின் அந்நகரின் ஆட்சி தளர்ந்தது. தானியம் வந்து சேராமல் மக்கள் வாடினர்.

1154 ஏப்ரலில் அவர் நகர் எல்லையை அடைந்தபோது நடந்ததனை, அந்நகரிலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் கலானிஸி எழுதி வைத்துள்ளார். கீழ்த்திசை மதிலில் ஓரிடத்தில் காவலர் இல்லை. மதில்மேல் நின்ற யூதப் பெண்மணி ஒருத்தி கயிறு ஒன்றைக் கீழே விட்டாள். அதனைப் பற்றி ஒரு வீரன் ஏறினான், பிறர் தொடர்ந்தனர். மரவெட்டி ஒருவன் தன் கோடரியால் கீழை வாயிலின் பூட்டை உடைத்தான். ஏறத்தாழப் போரே இன்றி நகரம் வசமாயிற்று. உள்ளே புகுந்தவர் கொள்ளைக்கு இடம் தரவில்லை. பழச்சந்தை, காய்கறிச் சந்தை முதலியவற்றின் மீது முன்னையோர் விதித்திருந்த சுங்கங்களை நீக்கினார். காவலற்ற மதில் என்ன செய்யும் என்பதனை அன்று நேரில் கண்டவர் நூருத்தீன். தமக்கு வாயிலாக அமைந்த அதே மதிலை இனிக் காக்க வேண்டிய பொறுப்பும் அன்று முதல் அவருடையதாயிற்று.

நிலம் நடுங்கிய ஆண்டுகள்

1156இன் இலையுதிர் காலம் தொட்டு ஷாம் நாட்டில் நிலம் அடிக்கடி நடுங்கத் தொடங்கியது. இப்னுல் கலானிஸி ஒவ்வொரு நடுக்கத்தையும் நாளும் பொழுதும் குறித்து எழுதியுள்ளார். மக்கள் வீடுகளை விட்டுத் தோட்டங்களிலும் வெளிகளிலும் உறங்கினர். 1157 ஆகஸ்டு 12ஆம் நாள், ஹிஜ்ரி 552 ரஜப் மாதத்தில், பேரழிவு நேர்ந்தது. ஹமா நகரம் பெரும்பாலும் மண்மேடாயிற்று. ஹிம்ஸ், ஷைஸர், ஹலப் எனப் பல ஊர்களும், பிராங்கியர் வசமிருந்த கோட்டைகளும் அழிவுக்கு உள்ளாயின.

ஹமாவில் சிறுவர்க்கு எழுத்தறிவித்து வந்த ஆசிரியர் ஒருவர் ஏதோ தேவைக்காகப் பள்ளியை விட்டு வெளியே சென்றிருந்தாராம். அவ்வேளை நிலம் அதிர்ந்தது; பள்ளி இடிந்து பிள்ளைகள் அனைவரும் மாண்டனர். அதன்பின் தம் பிள்ளை என்னவாயிற்று என்று கேட்டு ஒருவர்கூடத் தம்மிடம் வரவில்லை என்று அவ்வாசிரியர் சொன்னதாக வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார். கேட்பதற்குப் பெற்றோரும் எஞ்சவில்லை என்பதே பொருள். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலாது.

ஷைஸர் கோட்டையில் முன்கித் குடும்பத்தார் கத்னா விருந்தொன்றிற்காக ஒரே மாளிகையில் கூடியிருந்தனர். கட்டடம் அவர்கள் மீது சரிந்தது. வாயிலை நோக்கி ஓடிய ஒருவரை, அங்குக் கட்டியிருந்த குதிரை உதைத்துக் கொன்றது. கோட்டைத் தலைவரின் மனைவி மட்டும் இடிபாடுகளினின்று உயிருடன் எடுக்கப்பட்டார். அக்குடும்பத்தின் புகழ்பெற்ற புலவரான உஸாமா இப்னு முன்கித் வேற்றூரில் இருந்தமையால் தப்பினார். அழிந்துபட்ட இல்லங்களைப் பற்றிய பாடல்களைத் தொகுத்து ஒரு நூல் யாத்ததே அவர் தம் துயரை ஆற்றிக்கொண்ட வழி. தலைவரற்று நின்ற ஷைஸரை நூருத்தீன் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டார். நெடுங்காலமாகத் தனித்து நின்ற ஒரு குடியின் கோட்டையை அவர்தம் சாவின் பின்னர் எடுத்துக்கொண்டது அறமா, அரசியலா என்று கேட்போரும் உளர். அவர் எடுத்திராவிடில் பிராங்கியர் எடுத்திருப்பர் என்பது மட்டும் உறுதி. அதனை அடுத்து வந்த மாதங்களே மெய்ப்பித்தன.

இவ்விடத்தில் மதிலின் இன்றியமையாமையை விளக்குதல் வேண்டும். அக்கால ஷாம் நாட்டில் நூருத்தீனின் ஊர்களும் பிராங்கியரின் ஊர்களும் ஒருநாள் வழித்தொலைவில் எதிரெதிரே இருந்தன. மதில் வீழ்ந்த நகரம் பூட்டில்லாத வீடு. பஞ்சம் வந்தால் அடுத்த விளைச்சல் வரை பொறுக்கலாம். மதில் வீழ்ந்தால் அடுத்த வாரம் வரைகூடப் பொறுக்க இயலாது. ஆகவே நூருத்தீன் இரு பணிகளை ஒரே வேளையில் மேற்கொண்டார். கொத்தர்களை ஊர்தோறும் அனுப்பி மதில்களைச் சீர் செய்யப் பணித்தார். அவை எழும்பும் வரை தம் படையைத் திரட்டி எல்லையில் தங்கி, பகைவர் நிலத்தில் அவ்வப்போது புகுந்து அவர்களை வேறு எண்ணத்திற்கு இடமில்லாதபடி செய்தார். கல்மதில் இல்லாத இடத்தில் ஆள்மதிலை நிறுத்தினார் என்று கூறலாம்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் கடும் நோயுற்றார். இறந்துவிட்டார் என்ற வதந்தியும் பரவியது. பிராங்கியர் உடனே ஷைஸரை முற்றுகையிட்டுக் கீழ்நகரைக் கைப்பற்றினர். வென்ற ஊர் எவருக்கு உரியது என்று பிளாண்டர்ஸ் தலைவன் தியரிக்கும் அந்தியோக்கியாவின் ரெஜினால்டுக்கும் பிணக்கு மூண்டதால் மேற்கோட்டையைத் தொடாமலே திரும்பினர். ஆயினும் 1158இன் தொடக்கத்தில் ஹாரிம் கோட்டை அவர்கள் கைக்குப் போயிற்று. மதிலைப் பற்றிய அவரது அச்சம் வீண் அச்சமன்று.

திமிஷ்குக் கோட்டையில் ஒரு கூட்டம்

இனி நம் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1159ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 554, ஸஃபர் மாதம்). ரோமப் பேரரசர் மானுவேல் பெரும்படையுடன் அந்தியோக்கியாவை நோக்கி வந்துகொண்டிருந்த காலம். மதில்களைச் சீர் செய்யவும் அகழியைத் தோண்டவும் பணம் வேண்டியிருந்தது. நடுக்கங்களாலும் போராலும் நாடு நலிந்திருந்தது. ஆனால் நகரின் நடுவே ஒரு பெருஞ்செல்வம் இருந்தது. அது உமையாக்களின் பெரிய பள்ளிவாசலுக்கு உரிய வக்ஃபு வருவாய். பள்ளியின் செலவு போக ஆண்டுதோறும் எஞ்சி நின்ற தொகை அது.

வாளேந்திய அரசர் ஒருவர் அத்தொகையை ஆணை ஒன்றால் எடுத்துக்கொண்டிருக்கலாம். நோக்கமும் உயர்ந்ததே; மதில் வீழ்ந்தால் பள்ளிவாசலும் வீழும். தடுப்பாரும் இலர். நூருத்தீன் அவ்வாறு செய்யவில்லை. நகரின் காழியையும் சட்ட அறிஞர்களையும் ஊர்ப் பெரியோர்களையும் கோட்டைக்கு அழைத்துக் கேள்வியை அவர்கள் முன் வைத்தார். அக்கூட்டத்தின் நடவடிக்கைகள் எழுதப்பட்டுச் சான்றாளர்களின் கையொப்பம் பெற்றன. அடுத்த நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த அபூ ஷாமா, நூருத்தீன், ஸலாஹுத்தீன் ஆகிய இருவர் ஆட்சியையும் பற்றி எழுதிய இரு தோட்டங்கள் என்னும் பொருள்படும் தம் நூலில் அந்நடவடிக்கைகளைச் சேர்த்து வைத்தமையால் அவை நமக்குக் கிடைக்கின்றன.

முதலில் ஆராயப்பட்டது, பள்ளிவாசலின் பெயரில் இருந்த சொத்துகளுள் மெய்யாகவே வக்ஃபானவை எவை, பொதுநலனுக்கு உரியவை பிற்காலத்தில் வந்து கலந்தவை எவை என்பது. ஊரின் முதியோர் தாம் அறிந்தவற்றைச் சான்றாகக் கூறினர், இருவகையும் பிரிக்கப்பட்டன. பொதுநலனுக்குரிய பகுதியை மதிலுக்கும் அகழிக்கும் செலவிடுவதில் தடையில்லை என்பது தெளிவாயிற்று. பொதுநலன்களுள் தலையாயது எல்லைகளையும் நகரையும் காப்பதே என்பது நூருத்தீனின் கருத்து.

அடுத்தே கடினமான வினா எழுந்தது. மெய்யான வக்ஃபில் எஞ்சும் வருவாயை மதிலுக்குச் செலவிடலாமா? சிலர் கூடும் என்றனர். சிலர் நினைத்துப் பார்க்கக் காலம் வேண்டினர். அரசர் எதிரே அமர்ந்திருக்கையில், எதிரி நெருங்கி வரும் வேளையில், உடனே இசைவு தராமல் காலம் கேட்ட அறிஞர்களையும், அதனைப் பொறுத்துக்கொண்ட அரசரையும் ஒருசேரப் பாராட்டலாம்.

இறுதியில் வழி கூறியவர் ஷரஃபுத்தீன் இப்னு அபீ அஸ்ரூன். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர். பின்னாளில் திமிஷ்கின் காழியாக இருந்தவர். வக்ஃபு செய்தவர் குறித்த நோக்கத்தை விட்டு வேறொன்றுக்கு அதனைச் செலவிட ஒருவருக்கும் உரிமையில்லை என்பதனை அவர் முதலில் நிலைநாட்டினார். ஆனால் பைத்துல் மாலின் பொறுப்பாளர் அத்தொகையைக் கடனாகப் பெறலாம். பெற்று முஸ்லிம்களின் பொதுத் தேவைக்குச் செலவிடலாம். அதனைத் திருப்பித் தரும் கடமை பைத்துல் மாலைச் சாரும் என்றார். அங்கிருந்தோர் அதனை ஏற்றனர்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. இதுவரை மதிலுக்கும் பிற கட்டடப் பணிகட்கும் செலவான தொகை அரசரின் இசைவின்றிச் செலவிடப்பட்டதா என்று நூருத்தீனை நோக்கியே வினவினார். தம் ஆணையின்றி ஒன்றும் செலவாகவில்லை என்று அரசர் விடையிறுத்தார். மேலோட்டமாக நோக்கின் இது எளிய வினாவிடை. உண்மையில் அதன் பயன் பெரிது. செலவிட்ட அதிகாரிகள் மீது பழி விழாமல், பொறுப்பு முழுவதும் அரசரின் தலைமேல், சான்றாளர் முன்னிலையில், எழுத்தில் ஏறிவிட்டது.

ஜமாஅத் நிர்வாகத்திலும் வக்ஃபுப் பராமரிப்பிலும் பங்கு கொண்ட பெரியோர்க்கு இவ்வழக்கு புதியதன்று. ஒரு நற்பணிக்கு என ஒதுக்கிய தொகை தூங்கிக்கொண்டிருக்க, வேறொரு நற்பணி அவசரமாக வாயிலில் நிற்கும். எடுத்தால் என்ன என்று தோன்றும். எடுப்பதற்கும் கடன் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காக்க வாளுடைய ஓர் அரசர் ஒரு நாள் முழுதும் அறிஞரோடு அமர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

மானுவேலுடன் போர் நிகழவில்லை. உடன்பாடு ஏற்பட்டது. சிறையிலிருந்த பிராங்கியர் சுமார் 6000 பேர் விடுவிக்கப்பட்டனர்.

அரசரின் சொந்தப் பணம்

பொதுப்பணத்தை இவ்வாறு நோக்கியவரின் வீட்டு நிலை எப்படி இருந்தது? நூருத்தீன் தமக்கு எது ஆகுமானது என்று ஆலிம்களைக் கேட்டு, அவர்கள் கூறிய அளவையே எடுத்துக்கொண்டார் என்கிறார் இப்னுல் அதீர். போரில் தமக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு வாங்கிய சொத்திலிருந்தே அவர் குடும்பம் உண்டது. துணைவியார் வீட்டுச் செலவுக்குத் தரும் தொகை போதவில்லை என்று சொல்லி அனுப்பினார். நூருத்தீனின் முகம் சிவந்தது. தம் கையிலுள்ளது முஸ்லிம்களின் பணம் என்றும், தாம் அதன் காப்பாளரே என்றும், அவர்தம் ஆசைக்காகத் தாம் நரகில் வீழ இயலாது என்றும் சொல்லியனுப்பிவிட்டு, ஹிம்ஸ் நகரில் தமக்குச் சொந்தமாக இருந்த மூன்று கடைகளை அம்மையாருக்கு அளித்தார். அவற்றின் ஆண்டு வருவாய் 20 தீனார் அளவே.

இப்னுல் அதீரின் தந்தையார் ஸங்கி குடும்பத்தின் கீழ்ப் பணியாற்றியவர். ஆகவே அவர் எழுதும் புகழுரைகளைச் சற்று நிறுத்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும். எனினும் அவரோடு தொடர்பில்லாத வேறு சான்றுகளும் அதே திசையையே காட்டுகின்றன. பிராங்கியரான டைர் நகரத்துப் பேராயர் வில்லியமே, பகைவர் என்ற நிலையிலும், நூருத்தீனை நீதியும் இறைப்பற்றும் உடையவர் என்று ஒப்பியுள்ளார்.

1163இல் நேர்ந்த ஒரு தோல்வி இதனை இன்னும் விளக்கும். அக்ராத் கோட்டைக்கு அருகில் பாசறையில் எதிர்பாராத நேரத்தில் பிராங்கியர் பாய்ந்தனர். நூருத்தீன் அவசரமாகக் குதிரையேறியபோது அதன் கால்கட்டு அவிழ்க்கப்படவில்லை. குர்தியர் ஒருவர் இறங்கி அதனை வெட்டிவிட்டு, அவ்விடத்திலேயே கொல்லப்பட்டார். தப்பிய நூருத்தீன் அவ்வீரரின் குடும்பத்திற்கு நிலையான வருவாய் அமைத்தார். பொருளிழந்த வீரர் ஒவ்வொருவர்க்கும், அவர் கூறிய இழப்பை அப்படியே நம்பி ஈடு செய்தார். கருவூலம் வற்றியது. ஆலிம்களுக்கும் ஏழைகளுக்கும் சூஃபிகளுக்கும் அளித்து வரும் தொகையைப் படைக்குத் திருப்பலாமே என்று உடனிருந்தோர் யோசனை கூறினர். அவர் சினந்தார். பைத்துல் மாலில் அவர்கட்கு உரிய பங்கு ஒன்று உண்டென்றும், அதனைப் பிடுங்கிப் பிறர்க்குத் தர இயலாதென்றும், தாம் உறங்கும்போது தமக்காக இறைஞ்சுவோர் அவர்களே என்றும் மறுத்துவிட்டார். மறு ஆண்டே ஹாரிம் போரில் அந்தியோக்கியாவின் போஹிமண்டையும் திரிப்போலியின் ரேமண்டையும் சிறை செய்து இழந்த கோட்டையை மீட்டார்.

சட்டத்தில் இடமில்லாத சுங்கங்களைத் தம் நாடு முழுவதும் நீக்கியதும் அவர் செயலே. திமிஷ்கில் நீதி இல்லம் ஒன்று அமைத்து, வாரத்தில் குறித்த நாட்களில் காழியுடன் அமர்ந்து அமீர்கள் மீதான முறையீடுகளைக் கேட்டார். அதன் அடித்தளம் இடும்போதே தளபதி ஷீர்கூஹ் அது தமக்காகவே கட்டப்படுகிறது என உணர்ந்து, தம் காரியக்காரர் அனைவரையும் அழைத்து, எவரிடமிருந்தாவது எதையாவது பறித்திருந்தால் இன்றே திருப்பித் தந்து தீர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டாராம்! நீதிமன்றம் திறக்கும் முன்னரே பாதி வழக்குகள் தீர்ந்தன.

மீண்டும் மதில்

1161இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். மதீனாவில் மதிலுக்கு வெளியே பெருகி வாழ்ந்த மக்கள் தமக்குக் காவலில்லை என முறையிட, அவர்களையும் உள்ளடக்கும் புறமதில் ஒன்றை எழுப்ப ஆணையிட்டார். திமிஷ்கில் வாயில்களைப் புதுப்பித்தார். பாபுஸ் ஸலாம் 1164இல் அவரால் கட்டப்பெற்றது. மதிலின் தென்மேற்கில் அவர் கட்டிய கொத்தளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1170 ஜூன் 29ஆம் நாள் நிலம் மீண்டும் நடுங்கியது. இம்முறை பேரிழப்பு ஹலப் நகருக்கு. பஅல்பக், ஹிம்ஸ், ஹமா, பாரீன் எனக் கோட்டைகள் சரிந்தன. பிராங்கியரின் திரிப்போலியும் அந்தியோக்கியாவும் தப்பவில்லை. நூருத்தீன் முதலில் பஅல்பக் சென்று மதில் வேலையைத் தொடங்கி வைத்தார். அங்கிருந்து ஹிம்ஸ், ஹமா, பாரீன். பிராங்கியருக்கு மிக அணித்தாயிருந்த பாரீனில் கொத்தரோடு ஒரு படைப்பிரிவையும் அமீர் ஒருவரையும் நிறுத்தினார். ஹலப் வந்து கண்டபோது பிற ஊர்களின் அழிவு சிறிதாகத் தோன்றியது. மக்கள் வீட்டுக்குள் நுழைய அஞ்சி வெளியே கிடந்தனர். அவரும் நகருக்கு வெளியே பாசறை அமைத்து, மதில் எழும்பி முடியும் வரை அங்கேயே தங்கி, வேலையைத் தாமே மேற்பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் பிராங்கியரும் தத்தம் மதில்களைக் கட்டிக்கொண்டிருந்தனர். மற்றவர் முந்திக்கொண்டு பாய்வாரோ என்று இருவரும் அஞ்சினர். அந்த அச்சத்தாலேயே சிலகாலம் போர் ஓய்ந்திருந்தது. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் ஹலப் பழைய நகர மதிலின் மேற்குக் கொத்தளம் ஒன்று சரிந்த செய்தியைப் படித்தோர்க்கு இவ்வரலாறு அத்துணைத் தொலைவில் இருப்பதாகத் தோன்றாது.

அதே ஆண்டு மோசூலை ஆண்ட இளவல் குத்புத்தீன் மறைய, நூருத்தீன் அங்குச் சென்று பெரிய பள்ளிவாசல் கட்டப் பணித்தார். சுற்றியிருந்த மனைகள் உரியவரிடமிருந்து விலை கொடுத்தே பெறப்பட்டன. பொறுப்பேற்றவர் சுண்ணாம்புக் காளவாய் நிரப்பிப் பிழைத்த உமர் அல்மல்லா என்னும் எளிய பெரியார். அவர் கணக்கேட்டைக் கொணர்ந்தபோது, இறைவனுக்காகச் செய்ததன் கணக்கை மறுமைக்கு விட்டுவிடலாம் என்று கூறி நூருத்தீன் அதனை திஜ்லா ஆற்றில் எறிந்தார் என்று ஒரு செய்தி உண்டு. திமிஷ்கில் ஒவ்வொரு காசுக்கும் சான்றாளர் தேடியவர் இப்படிச் செய்தாரென்பதை நம்பச் சற்றுத் தயக்கமாகவே உள்ளது. நம் தணிக்கையாளர் எவரும் இதனை முன்மாதிரியாக ஏற்கவும் மாட்டார். சாய்ந்த மினாராவுக்குப் பெயர் பெற்ற அப்பள்ளிவாசல் 2017ஆம் ஆண்டுப் போரில் தகர்க்கப்பட்டு, பின்னர் யுனெஸ்கோவின் முயற்சியால் மீண்டும் கட்டப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

ஷீர்கூஹும் அவர் அண்ணன் மகன் ஸலாஹுத்தீனும் நூருத்தீனின் ஆணையால் எகிப்து சென்றனர். 1169இல் ஸலாஹுத்தீன் அங்கு அமைச்சரானார். 1171இல் ஃபாத்திமிய ஆட்சி முடிவுற்றது. அதன்பின் இருவருக்கும் இடையே மனவேறுபாடு வளர்ந்தது. எகிப்தின் வருவாய் ஷாம் நாட்டின் காவலுக்குப் போதிய அளவு வரவில்லை என்பது நூருத்தீனின் குறை. கணக்குகளைப் பார்வையிட அமைச்சர் இப்னுல் கைஸரானியை அனுப்பினார். தாமே படையுடன் செல்லவும் ஆயத்தமானார்.

உயரமான உருவம், மாநிறம், அகன்ற நெற்றி, முகவாயில் மட்டும் சிறு தாடி என அவர் தோற்றத்தை எழுதியுள்ளனர். குதிரை மேலிருந்து ஆடும் சௌகான் விளையாட்டில் பெரு விருப்பினர். 1174இல் மகன் ஸாலிஹ் இஸ்மாயிலின் கத்னா விழா திமிஷ்கில் சிறப்புற நடந்தது. அதனை அடுத்த நாட்களில் தொண்டை நோய் கண்டது. மருத்துவர்கள் குருதி வாங்க வேண்டும் என்றபோது, இந்த வயதில் வேண்டாவென மறுத்தார். மே 15ஆம் நாள் கோட்டையிலுள்ள சிறு அறையில், அவர் தொழுகைக்காகத் தனித்திருக்கும் இடத்தில், உயிர் பிரிந்தது. வயது 56. மகனுக்கு வயது 11.

உடல் முதலில் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் அவரே கட்டிய நூரிய்யா மத்ரஸாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது திமிஷ்கின் மதிலுக்கு உள்ளே, தையற்காரர் கடைத்தெருவில் உள்ளது.